வீரம் வாரிசுச் சொத்தா? சின்சினாட்டி சங்கம் பிறந்த கதை

தகப்பனார் விட்டுச் சென்ற வீடும் தோப்பும் பிள்ளைகளுக்குச் சேரும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்குச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அதே தகப்பனார் போர்க்களத்தில் நின்று நாட்டுக்காகப் பட்ட காயம், அதற்காக ஊர் அவருக்குக் கொடுத்த மரியாதை, இவையும் பிள்ளைக்குச் சேருமா? பிள்ளைக்குச் சேர்ந்தால் பேரனுக்கும் சேருமா? பேரனுக்குப் பேரன் வந்து, "என் முன்னோர் போராடினார், ஆகவே எனக்கும் ஒரு பதக்கம் உண்டு" என்றால் அதை ஏற்பதா, சிரிப்பதா?

இந்தக் கேள்வி வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல. 240 ஆண்டுகளுக்கு முன்பு, அப்போதுதான் விடுதலை அடைந்திருந்த அமெரிக்காவில் இது பெரும் புயலைக் கிளப்பியது. ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என அந்நாட்டின் முதல் வரிசைத் தலைவர்கள் எல்லோரும் இதில் இழுக்கப்பட்டார்கள். புயலைக் கிளப்பியது 'சின்சினாட்டி சங்கம்' என்ற அமைப்பு. முன்னாள் போர் அதிகாரிகளும் அவர்களுக்குப் பின் அவர்களின் வாரிசுகளும் மட்டுமே உறுப்பினராகக்கூடிய பரம்பரைச் சங்கம் அது. இன்றும் அது இயங்கி வருகிறது.

அது எப்படித் தொடங்கியது, ஏன் எதிர்க்கப்பட்டது, அதிலிருந்து நாம் யோசிக்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சம்பளம் கிடைக்காத படை

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கர்களின் போர் 1775-ல் தொடங்கியது. 1781 அக்டோபரில் யார்க்டவுன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை சரணடைந்ததோடு பெரிய சண்டைகள் ஓய்ந்தன. ஆனால் சமாதான ஒப்பந்தம் 1783 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட காலத்தில் வாஷிங்டனின் படை ஹட்சன் ஆற்றங்கரையில் நியூபர்க் என்ற ஊரைச் சுற்றி முகாமிட்டுக் காத்துக் கிடந்தது.

சண்டை இல்லாத முகாமில் சிந்தனைக்கு நேரம் அதிகம். அதிகாரிகள் தங்கள் நிலையை எண்ணிப் பார்த்தார்கள். பல மாதச் சம்பளம் பாக்கி. போர் முடிந்ததும் ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் தருவதாக 1780-ல் காங்கிரஸ் வாக்களித்திருந்தது. அந்த வாக்கு நிறைவேறும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. காரணம், அன்றைய காங்கிரஸுக்கு மக்களிடம் வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. 13 மாநிலங்களும் மனம்வைத்துக் கொடுத்தால்தான் கஜானாவில் காசு சேரும். மாநிலங்களோ கொடுக்கவில்லை.

1783 மார்ச் மாதம் முகாமில் பெயரில்லாத கடிதம் ஒன்று சுற்றுக்கு வந்தது. சம்பளம் தராவிட்டால் படை ஆயுதத்தைக் கீழே வைக்கக் கூடாது என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. ஒரு குடியரசு பிறக்கும்போதே ராணுவத்தின் கைக்குள் போய்விடும் அபாயம் அது. மார்ச் 15-ம் தேதி அதிகாரிகளின் கூட்டத்துக்கு வாஷிங்டனே நேரில் வந்து பேசினார். பேச்சின் முடிவில் ஒரு கடிதத்தைப் படிக்க எடுத்தவர் எழுத்துக்கள் தெரியாமல் தடுமாறி, சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்த நாட்டுக்கான பணியில் தம் முடி நரைத்ததோடு பார்வையும் மங்கிவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் கண்ணாடி அணிந்து பெரும்பாலோர் அதுவரை பார்த்ததில்லை. கூட்டத்தில் பலர் கண் கலங்கினார்கள். கலகப் பேச்சு அத்தோடு அடங்கியது.

ஒரு வாரம் கழித்து, ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் என்பதற்குப் பதிலாக ஐந்து ஆண்டு முழுச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் தீர்மானித்தது. அதுவும் ரொக்கமாக வரவில்லை, கடன் பத்திரங்களாக வந்தது. கையில் காசில்லாத பலர் அந்தப் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வீடு திரும்பினார்கள்.

இந்தப் பின்னணியை மறந்துவிட்டு சின்சினாட்டி சங்கத்தைப் பார்த்தால் அது வெறும் தற்பெருமைச் சங்கமாகத் தெரியும். உண்மையில் அது ஏமாற்றப்பட்டவர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது. எட்டு ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவர்கள் நாளை 13 மாநிலங்களுக்கும் சிதறிப் போவார்கள். அதன்பின் ஒருவரை ஒருவர் யார் விசாரிப்பது? இறந்துபோன தோழரின் மனைவி மக்களை யார் பார்ப்பது? நாடு கைவிட்டாலும் நாம் கைவிடக் கூடாது என்று அவர்கள் நினைத்ததில் தவறு காண முடியாது.

ஆற்றங்கரை வீட்டில் போட்ட கையெழுத்து

சங்கத்தின் யோசனையை எழுத்தில் கொண்டுவந்தவர் ஹென்றி நாக்ஸ். போருக்கு முன் பாஸ்டன் நகரில் புத்தகக் கடை வைத்திருந்தவர், புத்தகங்களைப் படித்தே பீரங்கிக் கலையைக் கற்று வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தளபதியாக உயர்ந்தவர். 1783 ஏப்ரலில் அவர் தயாரித்த வரைவு அதிகாரிகளிடையே விவாதிக்கப்பட்டது. மே 13-ம் தேதி ஃபிஷ்கில் அருகே, தளபதி ஸ்டூபன் தங்கியிருந்த வெர்பிளாங்க் குடும்பத்தாரின் வீட்டில் அது ஏற்கப்பட்டது. அந்த வீட்டின் பெயர் மவுண்ட் குலியன். அடுத்த மாதம் வாஷிங்டன் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சங்கம் அறிவித்த நோக்கங்கள் மூன்று. போராடிப் பெற்ற உரிமைகளைக் காப்பது முதலாவது. மாநிலங்களின் ஒற்றுமையையும் நாட்டின் மதிப்பையும் வளர்ப்பது இரண்டாவது. அதிகாரிகளிடையே சகோதர பாசத்தை நிலைநிறுத்தி, வறுமையில் வாடும் உறுப்பினர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவுவது மூன்றாவது. இந்த உதவிக்காக ஒவ்வோர் அதிகாரியும் தம் ஒரு மாதச் சம்பளத்தை நிதியாகக் கொடுக்க வேண்டும். சம்பளமே ஒழுங்காகக் கிடைக்காதவர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தர முன்வந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இதுவரை எல்லாம் நல்லதாகவே தெரிகிறது. சிக்கல் உறுப்பினர் விதியில் இருந்தது. அமெரிக்கப் படையில் மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர்கள், அல்லது போர் முடியும்வரை நின்ற அதிகாரிகள் உறுப்பினராகலாம். அவர்கள் இறந்தபின் அந்த இடம் அவர்களின் மூத்த ஆண் வாரிசுக்குப் போகும். நேரடி வாரிசு இல்லையென்றால் கிளை உறவில் தகுதியுள்ளவர் என்று கருதப்படும் ஒருவருக்குப் போகும். ஓர் அதிகாரிக்கு ஒரு வாரிசு மட்டுமே. இப்படித் தலைமுறை தலைமுறையாக இது தொடரும்.

அடையாளச் சின்னமாகத் தங்கக் கழுகுப் பதக்கம் ஒன்றும் முடிவானது. நீலமும் வெள்ளையும் கலந்த நாடாவில் அதைத் தொங்கவிட்டு அணிய வேண்டும். பதக்கத்தை வடிவமைத்தவர் பியர் லான்ஃபான் என்ற பிரெஞ்சு பொறியாளர். பிற்காலத்தில் தலைநகர் வாஷிங்டனுக்கு வரைபடம் போட்டவரும் இவரே. போரில் உதவிய பிரெஞ்சு உயர் அதிகாரிகளும் சங்கத்தில் சேர்க்கப்பட்டார்கள். 13 மாநிலங்களுக்கு 13 கிளைகள், பிரான்சுக்கு ஒன்று என 14 கிளைகள் உருவாயின.

கலப்பையை விட்டு வந்தவர்

சங்கத்துக்கு ஏன் அந்தப் பெயர்? பழைய ரோமாபுரியில் சின்சினாட்டஸ் என்ற விவசாயி இருந்தார். கி.மு. 458-ல் எதிரிகள் ரோமானியப் படையைச் சுற்றி வளைத்தபோது செனட் சபையின் தூதர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் வயலில் உழுதுகொண்டிருந்தார். அங்கேயே அவரைச் சர்வாதிகாரியாக நியமித்தார்கள். அவர் படையுடன் சென்று எதிரியை முறியடித்தார். ஆறு மாதம் வைத்திருக்கக்கூடிய பதவியைப் பதினைந்து, பதினாறு நாள்களிலேயே துறந்துவிட்டு மீண்டும் கலப்பையைப் பிடிக்கப் போய்விட்டார். ரோமானிய மரபு சொல்லும் வரலாறு இதுதான்.

போர் முடிந்ததும் பதவியை ஒப்படைத்துவிட்டுத் தம் பண்ணைக்குத் திரும்பவிருந்த வாஷிங்டனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. அதிகாரிகள் தங்களையும் அப்படியே கருதினார்கள். பதக்கத்திலும் சின்சினாட்டஸின் உருவத்தைப் பொறித்தார்கள். ஆனால் ஓர் உறுத்தல் இருக்கிறது. சின்சினாட்டஸ் புகழப்படுவது பதவியை விட்டுக் கொடுத்ததற்காக. அவர் பெயரில் தொடங்கிய சங்கமோ கிடைத்த மரியாதையை விடாமல் பிள்ளைக்கும் பேரனுக்கும் எழுதிவைத்தது. எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

"பிரபுக்கள் வருகிறார்கள்!"

முதல் அடி தென் கரோலினாவிலிருந்து வந்தது. அம்மாநிலத்தின் நீதிபதி ஏடனஸ் பர்க் அயர்லாந்தில் பிறந்தவர். 'கேசியஸ்' என்ற புனைபெயரில் 1783 அக்டோபரில் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. ஐரோப்பாவின் பிரபுக் குடும்பங்கள் எப்படித் தோன்றின? போர்த் தளபதிகளின் பிள்ளைகள் தகப்பனின் மரியாதையைத் தங்கள் உரிமையாக்கிக்கொண்டபோது தோன்றின. இந்தச் சங்கத்தையும் விட்டுவைத்தால், சில தலைமுறைகளில் அமெரிக்கா பிறவிப் பிரபுக்கள், சாமானியர்கள் என இரண்டாகப் பிளந்துவிடும் என்று அவர் எச்சரித்தார்.

நூல் காட்டுத் தீயாய்ப் பரவியது. மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழு இச்சங்கம் ஆபத்தானது என்று அறிக்கை தந்தது. சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஆடம்ஸ் போன்ற விடுதலைத் தலைவர்களும் கண்டித்தார்கள். பிரான்சில் மிராபோ பிரபு பர்க்கின் நூலைத் தழுவி, இன்னும் காட்டமாக ஒரு நூலை 1784-ல் வெளியிட்டார். தாமே பிரபு வம்சத்தில் பிறந்து பரம்பரைப் பட்டங்களைச் சாடியவர் இவர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1790 ஜூனில், பிரெஞ்சுப் புரட்சியின் தேசியச் சபை பரம்பரைப் பிரபுப் பட்டங்களையே ஒழித்தது.

ஜெஃபர்சன் 1784 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். மனிதர்கள் பிறப்பால் சமம் என்ற அடித்தளத்தின் மேல் கட்டிய நாட்டில் பரம்பரை மரியாதைக்கு இடமில்லை என்றும், இன்றைய உறுப்பினர்கள் நல்லவர்களாக இருந்தாலும் நாளைய வாரிசுகள் அப்படியே இருப்பார்கள் என்று நம்ப முடியாது என்றும் எடுத்துச் சொன்னார். இதை அவர் பேச்சோடு நிறுத்தவில்லை. தந்தையின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் இங்கிலாந்துச் சட்டம் அன்று அவருடைய வர்ஜீனியாவில் நடப்பிலிருந்தது. அதை ஒழிக்கப் பாடுபட்டவர் அவர். 1785-ல் அந்தச் சட்டம் அங்கே ஒழிந்தது. நிலத்திலேயே மூத்தவனுக்கு மட்டும் என்ற முறையை எடுத்தெறிய முனைந்தவருக்கு, மரியாதையில் அதே முறை நுழைவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு என்ற சட்டத்தில் வளர்ந்த நமக்கு அவருடைய கோபம் எளிதில் புரியும்.

ஃபிராங்க்ளின் போட்ட கணக்கு

எதிர்ப்புக் குரல்களிலேயே மிகச் சுவையானது பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடையது. அப்போது அவர் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தார். 1784 ஜனவரி 26-ல் தம் மகள் சாராவுக்கு எழுதிய கடிதத்தில் இச்சங்கத்தைப் பற்றிப் பேசினார். அதில் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். மதரஸாவில் ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைக் கணக்குப் படித்தவர்கள் யாரும் இதை ரசிக்காமல் இருக்க முடியாது.

ஓர் அதிகாரியின் மகன் அவருக்குப் பாதிதான் சொந்தம். மறு பாதி தாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. பேரனிடம் அவர் பங்கு நான்கில் ஒன்று. கொள்ளுப் பேரனிடம் எட்டில் ஒன்று. இப்படியே 16, 32, 64, 128, 256 என்று போய், ஒன்பதாவது தலைமுறையில் 512-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த ஒன்பதாவது தலைமுறைப் பிள்ளை உருவாவதற்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர் என்று மேலே எண்ணிக்கொண்டே போனால் மொத்தம் 1,022 ஆண்களும் பெண்களும் காரணமாக இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் போராடியதற்காக இந்தப் பிள்ளை மார்பில் பதக்கம் குத்திக்கொள்வதில் என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. மீதி 1,021 பேரில் எத்தனை பேர் எப்படிப்பட்டவர்களோ!

அவர் அத்துடன் நிற்கவில்லை. மரியாதை வம்சத்தில் பயணிக்கத்தான் வேண்டும் என்றால் அது கீழ்நோக்கி அல்ல, மேல்நோக்கிப் போகட்டும் என்றார். சீனர்களின் வழக்கத்தை உதாரணம் காட்டினார். அங்கே ஒருவர் தம் அறிவாலோ வீரத்தாலோ உயர்ந்தால், அந்தச் சிறப்பில் அவருடைய பெற்றோருக்கே பங்கு உண்டு. காரணம், அவர்கள் கொடுத்த வளர்ப்பும் கல்வியும்தான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. இந்த முறையால் நாட்டுக்கு நன்மை உண்டு, பெற்றோர் பிள்ளைகளை நல்ல முறையில் வளர்க்க ஊக்கம் பெறுவார்கள். வாரிசுக்குக் கொடுக்கும் மரியாதையால் என்ன விளையும்? உழைக்காமலே கிடைத்த பெருமையில் அவன் உழைப்பையே இழிவாக நினைப்பான்.

பதக்கத்துக் கழுகையும் அவர் விடவில்லை. அது பார்ப்பதற்கு வான்கோழி போல இருக்கிறது என்று சிலர் குறை சொல்கிறார்களாம். அது வான்கோழியாகவே இருந்திருந்தால் இன்னும் நல்லது என்றார். பிற பறவைகள் பிடித்த மீனைத் தட்டிப் பறிக்கும் கழுகைவிட வான்கோழி மானமுள்ள பறவை என்பது அவர் கருத்து. இத்தனையும் எழுதியவர் அக்கடிதத்தை அப்போது அச்சில் வெளியிடவில்லை. பின்னாளில் பென்சில்வேனியா கிளை அவரைக் கௌரவ உறுப்பினராகவும் ஆக்கியது. தலைவர்களும் மனிதர்கள்தாம்.

வாஷிங்டனின் சங்கடம்

எல்லாப் பக்கமும் எழுந்த எதிர்ப்பு வாஷிங்டனை உலுக்கியது. அவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இதில் இல்லை. அவருக்குச் சொந்தப் பிள்ளைகளும் கிடையாது. தோழர்களின் வேண்டுகோளுக்காகத் தலைமையை ஏற்றவர் அவர். 1784 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம் கூடியபோது அவர் வெளிப்படையாகவே பேசினார். பரம்பரை விதியை முற்றாக நீக்க வேண்டும், அரசியல் வாடை வீசும் எல்லா வாசகங்களையும் அடித்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். இல்லையென்றால் தாம் விலக வேண்டி வரும் என்பதையும் உணர்த்தினார்.

அதே நேரத்தில் பிரான்சிலிருந்து லான்ஃபான் புதிய பதக்கங்களுடன் வந்து சேர்ந்தார். பதினாறாம் லூயி மன்னர் தம் அதிகாரிகள் அதை அணிய அனுமதி தந்துவிட்டார் என்ற செய்தியும் வந்தது. இந்த நிலையில் சங்கத்தையே கலைப்பது நட்பு நாட்டை அவமதிப்பதாகும். ஆகவே ஒரு நடுவழி தேடினார்கள். பரம்பரை விதி நீக்கப்பட்டு, திருத்திய சாசனம் ஒன்று தயாரானது. நாட்டில் கொந்தளிப்பு அடங்கியது.

ஆனால் திருத்தத்தை எல்லா மாநிலக் கிளைகளும் ஏற்றால்தான் அது செல்லும். சில ஏற்றன, சில ஏற்கவில்லை, சில பதிலே சொல்லாமல் காலம் கடத்தின. வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறக்கும்வரை தலைவராக இருந்தார். அடுத்த ஆண்டே, பழைய சாசனம் மாறாமல் அப்படியே நீடிக்கிறது என்று சங்கம் முடிவு செய்தது. வாஷிங்டன் எதை நீக்கச் சொன்னாரோ அந்தப் பரம்பரை விதி இன்றுவரை நிலைத்துவிட்டது.

இருந்தாலும் எதிர்ப்பு வீணாகவில்லை. 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனம், அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் வழங்கக் கூடாது என்று தடை செய்தது. சங்கம் இருக்கலாம், பதக்கம் அணியலாம். ஆனால் அதை வைத்து அரசிடம் ஒரு சலுகையும் கேட்க முடியாது. பர்க் பயந்த பிரபுக் கூட்டம் கடைசிவரை வரவில்லை. பயந்தது தவறு என்பதாலா வரவில்லை, பயந்து எச்சரித்ததால் வரவில்லையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரம் 1790-ல் இந்தச் சங்கத்தின் நினைவாகவே அப்பெயர் பெற்றது. சூட்டியவர் ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர், அவரும் சங்கத்து உறுப்பினர்.

கணக்கில் வராதவர்கள்

இதுவரை நாம் அதிகாரிகளைப் பற்றியே பேசினோம். குண்டடி பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதிகாரிகள் அல்லர், சாதாரணச் சிப்பாய்கள். அவர்களுக்கு இந்தச் சங்கத்தில் இடமே இருக்கவில்லை. போர் முடியும்வரை நிற்கும் சிப்பாய்க்கு 80 டாலரும் 100 ஏக்கர் நிலமும் தருவதாகக் காங்கிரஸ் சொல்லியிருந்தது. அதிகாரிகள் சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே, பாக்கிச் சம்பளம் கேட்டுச் சுமார் 400 சிப்பாய்கள் ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காங்கிரஸ் ஊரை விட்டே வெளியேறி பிரின்ஸ்டன் நகருக்குப் போனது.

ஏழைச் சிப்பாய்களுக்கான ஓய்வூதியச் சட்டம் 1818-ல்தான் வந்தது. வறுமை நிபந்தனை இல்லாத பரவலான சட்டம் 1832-ல் வந்தது. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து! அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அமெரிக்கத் தரப்பில் போராடிய கறுப்பின வீரர்கள் சுமார் 5,000 பேர் இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகளுக்குப் பதக்கம் இருக்கட்டும், பலருக்குச் சுதந்திரமே வாரிசாகக் கிடைக்கவில்லை.

ஒரு பரம்பரைச் சங்கத்தின் வாசலில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைவிட, வெளியே யார் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்?

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்சினாட்டி சங்கம் தேய்ந்தது. பல மாநிலக் கிளைகள் கலைந்தன. ஆனால் விடுதலையின் நூற்றாண்டு விழாக்கள் வந்தபோது வம்சாவளி ஆர்வம் மீண்டும் துளிர்த்தது. 1889-ல் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வர்கள்' என்ற சங்கம் தோன்றியது. இதில் அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு இல்லை, மூத்த மகன் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆனால் பெண்களைச் சேர்க்க மறுத்தார்கள். அதனால் 1890 அக்டோபரில் பெண்கள் தனியாக 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' சங்கத்தைத் தொடங்கினார்கள்.

வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்கள், தங்கள் வாசலுக்கு வேறொருவர் வந்தபோது என்ன செய்தார்கள்? 1939-ல் மரியன் ஆண்டர்சன் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகிக்குத் தங்கள் அரங்கத்தைத் தர மறுத்தார்கள். குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் இதைக் கண்டித்துச் சங்கத்திலிருந்து விலகினார். ஆண்டர்சன் அந்த ஏப்ரல் 9-ல் லிங்கன் நினைவிடத்தின் திறந்தவெளியில் பாடினார். 75,000 பேர் திரண்டார்கள். சங்கம் பின்னர் இதற்காக வருத்தம் தெரிவித்தது. 1977-ல் முதன்முறையாக ஒரு கறுப்பினப் பெண் உறுப்பினரானார். பிற்காலத்தில் புரட்சிப் போரில் பங்கெடுத்த கறுப்பின, பழங்குடி வீரர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்துச் சங்கமே நூலாக வெளியிட்டது. வம்சாவளியைத் துருவித் துருவித் தேடும் அதே பழக்கம், மறக்கப்பட்டவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும் உதவியது.

இதற்கு எதிர்மாறான பாதையில் சென்ற அமைப்பும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் நின்றவர்கள் 1866-ல் தொடங்கிய 'குடியரசின் மாபெரும் படை' என்ற சங்கம் அது. போரில் பங்கெடுத்தவர்கள் மட்டுமே உறுப்பினர்கள். சிப்பாயும் சேரலாம், தளபதியும் சேரலாம். உறுப்பினர் இடம் வாரிசுக்குப் போகாது. 1890 வாக்கில் சுமார் 4 லட்சம் உறுப்பினர்களுடன் பெரும் சக்தியாக விளங்கியது. ஊனமுற்றோருக்கும் விதவைகளுக்கும் ஓய்வூதியம் கேட்டுப் போராடியது. போரில் இறந்தவர்களை மே மாத இறுதியில் நினைவுகூரும் வழக்கம் நாடெங்கும் பரவக் காரணமாக இருந்தது. 1956-ல் கடைசி உறுப்பினர் இறந்தார். சங்கமும் அவரோடு முடிந்தது. தங்கள் வேலை முடிந்ததும் கலப்பைக்குத் திரும்பிய சின்சினாட்டஸை நினைவூட்டுவது எது, பதக்கமா, இந்த முடிவா?

நாம் யோசிக்க வேண்டியது

சின்சினாட்டி சங்கத்தை முழுவதும் குறை சொல்லி முடிப்பது நீதியாகாது. அது கலகம் செய்யவில்லை, ஆட்சியைப் பிடிக்கவில்லை. ஏழை உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு உதவியது. இன்று வாஷிங்டன் நகரில் உள்ள ஆண்டர்சன் மாளிகை என்ற அதன் தலைமையகத்தில் நூலகமும் அருங்காட்சியகமும் நடத்துகிறது. புரட்சிக் காலத்து ஆவணங்கள் பல அழியாமல் இருப்பதற்கு இத்தகைய சங்கங்களும் ஒரு காரணம். நினைவைக் காப்பதற்கு யாராவது ஒருவர் வேண்டும். அந்த அக்கறை ரத்த உறவுக்குத்தான் அதிகம் என்பதும் உண்மையே.

ஆனால் நினைவைக் காப்பது வேறு, மரியாதையைச் சொந்தம் கொண்டாடுவது வேறு. வம்சப் பெருமை பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள், அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. மார்க்கம் தெரியாத ஃபிராங்க்ளினும் வெறும் கணக்கை வைத்தே ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்து நிற்கிறார் என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம்.

நம் வீடுகளிலும் முன்னோர்களின் தியாகங்கள் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டும். பாட்டனார் செய்ததைப் பேரனுக்குச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம்: "உன் பாட்டனார் இதைச் செய்தார். இது அவருடையது. நீ என்ன செய்யப் போகிறாய்?" அந்தக் கேள்வியோடு கைமாறினால் முன்னோரின் பெயர் பிள்ளைக்குப் பொறுப்பாகும். கேள்வி இல்லாமல் கைமாறினால் அது சட்டையில் குத்தும் பதக்கம் மட்டுமே.

பெற்றோர்களுக்கும் ஃபிராங்க்ளினின் கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. நம் பிள்ளை நாளை நல்லது செய்து உயர்ந்தால், அந்த மரியாதை மேல்நோக்கி நம்மிடம் வரட்டும். அதற்கான வேலையை இன்றே, அவர்களை வளர்க்கும் விதத்தில் தொடங்குவோம்.